சட்டையில்லாமல் வந்த ஈ

போன கிழமை எங்கள் வீட்டுக்கு வந்த அந்த இளம் உத்தியோகத்தரை உங்கள் இருவருக்கும் ஞாபகம் இருக்கும். விறாந்தையில் கதிரை போட்டு இருத்தி, நீங்கள்தான் தேத்தண்ணி கொடுத்தீர்கள். அவர் தேடி வந்தது என்னை இல்லை, உங்கள் தவம் மாமாவை. மாமாவின் வீட்டுக்கு வழி தெரியாமல் இங்கே கேட்க வந்தவர். அவர் வேலைசெய்கிற பூச்சிக் கந்தோரில் இப்போதெல்லாம் ஒரு ஈயின் ஒரு கால் இருந்தால் போதுமாம். அதை அரைத்து மெசினில் போட்டால், அது எந்த இனம் என்று மெசினே சொல்லிவிடுமாம். அறுகம்புல்லில் இருக்கிற ஈயையும் போட்டுப் பார்த்தார்களாம். நெல்லில் இருக்கிற ஈ வேறு, அறுகில் இருக்கிற ஈ வேறு என்று மெசினும் சொல்லியதாம். தவராசா ஐயா, அதுதான் உங்கள் மாமா, அந்தக் காலத்திலேயே வெறும் கண்ணாலும் கண்ணாடியாலும் அதைக் கண்டுபிடித்தவர் என்று அவர் வாயாரச் சொன்னார்.

மூத்தவளே, உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். சின்னவனே, அவர் போன பிறகு நீ என்னிடம் கேட்டாய்: "அப்பா, நீங்களும் மாமாவோட அங்கதானே வேலை செய்தனீங்கள். நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"புல்லுப் பிடுங்கினனான்" என்றேன். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள்.

அது உண்மைதான். ஆனால் முழுவதும் அதுதான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு வளர்வது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். வாசித்துவிட்டு அப்பாவுக்கு மாமாவில் பொறாமை என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். இருக்கிறதுதான்.

நானும் தவமும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம், யன்னலைத் திறந்தால் கப்பல் தெரிகிற பழைய கட்டிடம் ஒன்றில், பயிர்களைத் தாக்கும் பூச்சிகளைப் பார்க்கும் சிறிய கந்தோர் இருந்தது. இருவரும் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரைக்கும் படித்தவர்கள், இருவருக்கும் நாட்சம்பளம். முதல் இரண்டு வருடம் போத்தல் கழுவினோம், வலை வீசினோம், உப்புக் காற்றில் கறள் பிடித்த ஊசிகளைத் துடைத்தோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அப்போது தவம் உங்களுக்கு மாமா ஆகவில்லை. உங்கள் அம்மாவை, அவனுக்குச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுக்கிற தங்கச்சி என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். அந்தப் பார்சலிலும் எனக்குப் பொறாமைதான். அவன் அவிழ்த்தால் மீன் பொரியல் மணக்கும். என்னுடைய கடதாசிக்குள் பாணும் சம்பலும் இருக்கும்.

எங்களுக்கு மேலே திலகவதி மிஸ் இருந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பூச்சியைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் இருப்பதற்கு முதல், கையிலுள்ள காப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு பீங்கான் கோப்பைத் தட்டில் வைப்பார். அந்தச் சத்தம் கேட்டால் கந்தோரில் ஒருவரும் இருமக் கூடாது. மின்விசிறியை நிறுத்திவிடுவோம். எவ்வளவு களைப்பு என்றாலும் அவர் தேத்தண்ணியை அந்த மேசைக்குக் கொண்டுவரமாட்டார். எழும்பி விறாந்தைக்குப் போய்த்தான் குடிப்பார். யார் என்ன பிழை விட்டாலும் பிழை என்ற சொல்லை அவர் வாயால் நான் அதிகம் கேட்டதில்லை. "இன்னொருக்காப் பாருங்கோ" என்பார். ஏச்சு வாங்குவதைவிட அது கனமாக இருக்கும்.

அவர் வாழ்நாளில் பாதியை ஒரு ஈக்காகச் செலவழித்தவர். ஆனைக்கொம்பன் ஈ. பெயர்தான் ஆனை, ஆள் நுளம்பிலும் மெலிந்தது, சிவந்த வயிறு. நெல் இளம்பயிராக இருக்கும்போது இலையில் முட்டையிடும். புழு ஊர்ந்து இறங்கிக் குருத்துக்குள் போய் இருந்துகொள்ளும். அது இருக்கிற குருத்து, கதிர் விடாமல், உள்ளே கோறையாகி, வெங்காயத்தாள் மாதிரி வெளிறி நீண்டு வளரும். அந்தக் குழாய்தான் அதற்கு வீடு. அந்தக் குருத்தில் இனி ஒரு நெல்மணியும் வராது. புழு கூட்டுப்புழுவாகி, தலையிலுள்ள சிறிய கொம்பால் குழாயின் நுனியில் ஓட்டை போட்டு, பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிறகு தோல் வெடித்து ஈ பறந்துவிடும். வெள்ளைச் சட்டை மட்டும் ஓட்டையில் தொங்கும், கொடியில் போட்ட உடுப்புப் போல. பாம்பு சட்டை கழற்றுவது உங்களுக்குத் தெரியும்தானே, அதே மாதிரி. இந்தச் சட்டையை மறந்துவிடாதீர்கள். கதை முழுக்க அதில்தான் நிற்கிறது.

உங்கள் உயிரியல் புத்தகத்தில் குடும்பம், சாதி, இனம் என்று இருக்கும். சாதி என்றால் ஊரில் கதைக்கிற சாதி இல்லை. நெருங்கிய இனங்களை ஒன்றாக வைக்கிற பெட்டி. பழைய புத்தகங்களில் ஆனைக்கொம்பன் வேறொரு சாதியில் இருந்தது. பிறகு ஆராய்ந்தவர்கள் அதைத் தூக்கி ஓர்சியோலியா என்ற சாதியில் வைத்தார்கள். அலுமாரியில் ஈக்களை வைத்திருந்த பெட்டிகளில் எல்லாம் மிஸ் பழைய பெயருக்கு மேலே வெள்ளைத் தாள் ஒட்டிப் புதிய பெயர் எழுதினார். ஈக்கு இது தெரியுமோ மிஸ் என்று தவம் கேட்டான். மிஸ் சிரித்த சிரிப்பில் பேனை கைதவறி விழுந்தது. அதே பகிடி எனக்கு முதல் நாளே தோன்றியது. சொல்லத் துணிவு வரவில்லை.

அந்தச் சாதியில் பல இனங்கள். ஒன்று நெல்லில் இருக்கும், ஒன்று இலுக்குப் புல்லில், ஒன்று வேறொரு புல்லில். பறக்கும்போது எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகள் மாதிரித்தான். பிரித்துச் சொல்வதென்றால் ஆண் ஈயின் வால் நுனியைப் பார்க்க வேண்டும். கூட்டுப்புழுச் சட்டையில் இருக்கிற தலைக் கொம்பைப் பார்க்க வேண்டும். அதற்கு ஈயைக் காரத்தில் ஊறப்போட்டுச் சதையைக் கரைத்து, கழுவி, ஸ்பிரிட்டில் நீரை எடுத்து, கராம்பு எண்ணெயில் தெளியவைத்து, கடைசியாகக் கண்ணாடி சிலைட்டில் ஒரு துளி பிசினுக்குள் படுக்கவைக்க வேண்டும். சிறகு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம், வால் நுனி மல்லாக்காக. மூச்சு விட்டால் சிறகு போய்விடும். ஈர்க்கில் செருகிய ஊசிதான் ஆயுதம்.

தவத்தின் கைக்கு அது வந்தது. அவன் ஊசியைத் தொட்டால் ஈ தானாகப் புரண்டு படுத்ததுபோல இருக்கும். அவன் செய்த சிலைட்டை வெளிச்சத்தில் பிடித்து மிஸ் "நல்ல வடிவு" என்பார். என் சிலைட்டில் காற்றுக் குமிழி இருக்கும். குமிழி இல்லாவிட்டால் கால் ஒன்று இருக்காது. "இன்னொருக்காப் பாருங்கோ." நான் இன்னொருக்காச் செய்வேன், இன்னொரு குமிழி வரும். கடைசியில் வேலை தானாகவே பிரிந்தது. நான் வயலில் இறங்கிப் புல்லும் நெற்குருத்தும் பிடுங்கிக்கொண்டு வருவேன். அவன் நிழலில் இருந்து அதைச் சிலைட்டாக்குவான். அலுமாரியைப் பூட்டித் திறக்கிற திறப்பும் அவனிடம் போனது. சேற்றில் வெந்து வந்து படியில் கால் கழுவும்போது, உள்ளே அவன் மெல்லப் பாட்டு முணுமுணுப்பது கேட்கும். அந்தப் பாட்டுகளில் ஒன்றுகூட இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

அந்த நேரத்தில்தான் நுணுக்குக்காட்டி மேசைக்கு நிரந்தரமாக ஒரு ஆளை எடுக்க அனுமதி வந்தது. ஒரே ஒரு கதிரை. மிஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: கிளிவெட்டி வேலை முடியட்டும், அதைப் பார்த்து உங்களில் ஒருவரைச் சிபாரிசு செய்வேன் என்று. அந்தக் கதிரையில் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட மாதிரி, அதற்குப் பிறகு ஒன்றுக்கும் ஆசைப்பட்டதில்லை. அம்மா இதை வாசித்தால் கோபிக்கக் கூடாது.

கிளிவெட்டி வேலை என்னவென்றால், மூதூருக்கு அப்பாலுள்ள அந்த ஊரில் அந்தப் போகம் ஆனைக்கொம்பன் வயல்களைப் பிடித்திருந்தது. நெல் இல்லாத மாதங்களில் இந்த ஈ எங்கே ஒளித்திருக்கிறது என்பதுதான் கேள்வி. வரம்புகளில் அறுகு செழித்துக் கிடந்தது. அறுகின் நுனியிலும் தடித்த குருத்துகள் இருந்தன. நெல்லின் ஈதான் அதற்குள்ளும் இருக்கிறது என்றால் வரம்புப் புல் முழுவதையும் செதுக்கி எரிக்கும்படி சனத்துக்குச் சொல்ல வேண்டிவரும். அது வேறு இனம் என்றால் புல்லில் கைவைக்கத் தேவையில்லை.

குருத்தைப் பிடுங்கித் திருகோணமலைக்குக் கொண்டுவருவதற்கிடையில் அது வாடிவிடும். கடலைக் கடக்கிற லோஞ்சை நம்பவும் ஏலாது. ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. அதனால் எங்களை அங்கேயே தங்கச் சொன்னார் மிஸ். செல்லத்துரை அண்ணை என்ற, நெல் விதைக்கிற கமக்காரர் வீட்டில் விறாந்தையை விட்டுத் தந்தார்கள். நான் வரம்பு வரம்பாகப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வருவேன். தவம் ஒவ்வொரு புல்லையும் தனித்தனிப் போத்தலில் ஈரமணலில் குத்தி, வாயை நெருக்கமாக நெய்த மல் துணியால் கட்டி, ஈ வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். பொழுதுபட்டால் அரிக்கன் லாம்பைப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். அவன் கவனத்தில் ஒரு குறையும் சொல்ல ஏலாது.

செல்லத்துரை அண்ணையின் மனைவி சரசக்கா எங்களைப் பிள்ளைகள் போலப் பார்த்தவர். அண்ணைதான் வாய் சும்மா இருக்கமாட்டார். எங்கள் போத்தல்களைப் பார்த்து, "புல்லை எரிக்கச் சொன்னீங்களெண்டா என்ர மாட்டுக்கு என்னத்தைப் போடுறது தம்பி? உங்கட கண்ணாடியையோ?" என்று கேட்டார். அறுகின் வேர் இல்லாவிட்டால் மாரி மழைக்கு வரம்பு கரைந்து ஓடிவிடும் என்றும் சொன்னார். எங்கள் கேள்விக்கு வரப்போகிற பதில் அவருக்கு மாடும் வரம்பும்.

ஒரு விடியற்காலை அறுகுப் போத்தலுக்குள் சிவந்த வயிற்றோடு ஒரு ஆண் ஈ நின்றது. தவம் அதை உடனே பிடித்துச் சிலைட்டாக்கினான். வால் நுனியைப் பார்த்தான். நெல்லின் ஈ. சந்தேகமே இல்லை. செய்தி போய், அடுத்த லோஞ்சில் மிஸ் வந்துவிட்டார். விறாந்தையில் காப்புகளைக் கழற்றிச் சரசக்காவின் பீங்கானில் வைத்துவிட்டுக் கனநேரம் பார்த்தார். நிமிர்ந்து, "தவராசா, இது பெரிய வேலை" என்றார். அடுத்த கிழமை சங்கக் கட்டிடத்தில் கமக்காரரைக் கூட்டி, புல்லை எரிப்பது பற்றிச் சொல்வதென்று முடிவாக்கிவிட்டு மிஸ் கந்தோருக்குத் திரும்பினார். செல்லத்துரை அண்ணை அன்று மாட்டை அவிழ்த்து அறுகு வரம்புக்குக் கொண்டுபோனார்.

அந்த அறுகைப் பிடுங்கினவன் நான். முழங்காலளவு சேற்றில், அட்டை கடிக்க, நுனி நுனியாகத் தடவிப் பார்த்துப் பிடுங்கினேன். அவன் செய்தது போத்தலைத் திறந்தது. பெரிய வேலையாம்.

மிஸ்ஸின் ஒரு பழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். ஈயும் அது விட்ட சட்டையும் பிடித்தவர் பெயர் எழுதிய ஒரே அட்டையில் சேர்ந்து இருந்தால்தான் அவர் அதைச் சாட்சியாக எடுப்பார். அந்தச் சந்தோசத்தில் தவமும் அதை விட்டுவிட்டான், மிஸ்ஸும் கேட்கவில்லை. சட்டையை நான் எடுத்துக் கொடுத்தால் என் பெயரும் அந்த அட்டையில் ஏறும் என்று எனக்குத் தோன்றியது. தவம் குளிக்கப் போன நேரம் பார்த்துப் போத்தலை அவிழ்த்தேன். குருத்துக் குருத்தாக எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் மூடியபடி இருந்தன. ஒன்றிலும் ஓட்டை இல்லை. மணலைச் சலித்தேன். சட்டை இல்லை.

வீட்டை விட்டு வெளியே வராமல் ஒருவர் எப்படி முற்றத்தில் நிற்க முடியும்? அந்த ஈ அறுகுக்குள் இருந்து வரவே இல்லை. வெளியே இருந்து வந்தது.

பிறகுதான் போத்தல் வாயில் கட்டியிருந்த துணியைப் பார்த்தேன். அது மல் துணியில்லை. பழைய நுளம்பு வலைத் துண்டு. கண் இழுபட்டுப் பெரிதாகிக் கிடந்தது. ஆனைக்கொம்பன் தாராளமாகப் போகும். பக்கத்தில் லாம்பு வேறு. சுற்றிவர வயல். வெளிச்சத்துக்கு வந்தது உள்ளே போயிருக்கிறது.

தவத்திடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. குருத்துகளைத் திரும்ப ஈரமணலில் குத்தி, போத்தலை ஈரத் துவாயில் சுற்றிக்கொண்டு நேரே மூதூருக்குப் போய் லோஞ்ச் ஏறினேன். துறைமுகத்துக்குள் லோஞ்ச் திரும்பும்போது என் மனதுக்குள் நான் அந்தக் கதிரையில் இருந்துவிட்டேன்.

மிஸ் காப்புகளைக் கழற்றினார். குருத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலைத் துண்டை விரலில் விரித்துப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "நான் கேட்டிருக்க வேணும்" என்று மட்டும் சொன்னார். பிறகு, சட்டையைத் தேட எனக்கு ஏன் தோன்றியது என்று கேட்டார். அவருக்கு முன்னால் பொய் சொல்ல வராது.

"என்ர பேரும் அதில வரட்டும் எண்டுதான் மிஸ்."

"தவராசாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"போய் முதல் அவருக்குச் சொல்லுங்கோ" என்றார்.

போத்தலோடு திரும்பிப் போய்ச் சொன்னேன். அவன் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கத்தான் வழிநீளக் காத்திருந்தேன். அவன் வலையைப் பார்த்தான், லாம்பைப் பார்த்தான், சரசக்காவைக் கூப்பிட்டுக் கேட்டான். அவர் சொன்ன மறுமொழி இதுதான்: "அந்தத் துணி ஊத்தையாக் கிடந்தது தம்பி. தோய்ச்சுக் காயப்போட்டனான். அதுவரைக்கும் இதைக் கட்டிவிட்டன். நுளம்பே போகாது, அதுக்குள்ள என்ன போகப்போகுது?" மற்றப் போத்தல்களை அவர் தொடவில்லையாம், அவற்றின் துணி வெள்ளையாகத்தான் இருந்ததாம். வீட்டுக்கு வந்தவர்களின் ஊத்தைத் துணியைக் கண்டுகொண்டு சும்மா இருக்க அவரால் ஏலாது. தவம் விழுந்து விழுந்து சிரித்தான். "நல்ல காலம் மச்சான் நீ பாத்தது. சங்கத்தில ஏறிச் சொல்லிப்போட்டு நிண்டிருந்தா?" என்று என் தோளில் கைபோட்டான். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல இருந்தது. நொந்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவன் நோகவில்லை.

அதே இடத்தில் இருந்து அவன் வேலையைத் திரும்பத் தொடங்கினான். மல் துணி கட்டினான், லாம்பை முற்றத்துக்கு அனுப்பினான், நான் எடுத்துப் பார்த்த அதே குருத்துகளைத் திரும்ப ஈரமணலில் வைத்தான். ஈ வந்தது, சட்டை நுனியில் தொங்க, முறையாக வந்தது. ஈயையும் சட்டையையும் ஒரே அட்டையில் வைத்தான். சட்டையின் தலைக் கொம்பு நெல் ஈயின் கொம்பு மாதிரி இல்லை. வால் நுனியும் வேறு. ஒரே சாதி, வேறு இனம். அந்தச் சிலைட்டை நான் பார்த்தேன். ஒரு மயிர்கூட விலகாமல், கோயில் சிற்பம் மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழகால் வந்ததா வேறெதனால் வந்ததா என்று எனக்குத் தெரியும்; நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சங்கக் கூட்டத்தில் மிஸ் புல்லை எரிக்கச் சொல்லவில்லை. அறுவடைக்குப் பிறகு தளிர்க்கிற நெல்தாளை உழுது புதைக்கச் சொன்னார். அறுகு தன்பாட்டுக்குக் கிடக்கட்டும் என்றார்.

பிறகு ஒரு நாள் என்னைத் தனியே கூப்பிட்டார். காப்புகள் கையில் இருந்தன.

"நாகேந்திரன், நீங்கள் பாத்திருக்காட்டி நான் அந்தச் சனத்துக்குப் பொய் சொல்லியிருப்பன். அதை நான் மறக்கமாட்டன்" என்றார். பிறகு, "ஆனா அந்தக் கதிரைக்குத் தவராசாவைத்தான் எழுதப்போறன்" என்றார்.

"நான் என்ன மிஸ் பிழை விட்டனான்?"

"ஒரு பிழையும் இல்லை. நீங்கள் ஈயைத் தேடிப் போகேல்லை, தவராசாவைத் தேடிப் போனீங்கள். இந்த முறை ரெண்டும் ஒரே இடத்தில இருந்தது. எப்பவும் இருக்காது. அவர் பிழை விட்டாலும் ஈயைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார்."

அது நியாயம் இல்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். எதற்காகப் பார்த்தால் என்ன, பார்த்தது நான்தானே? இன்றைக்கும் சில நேரம் அப்படித்தான் நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை.

தவம் கதிரையில் இருந்தான். நான் ஓய்வு பெறும்வரை வெளிவேலை. கந்தளாய், நிலாவெளி, மூதூர்ப் பக்கம் எல்லாம் எனக்குத் தெரியாத வரம்பு இல்லை.

அடுத்த போகம் கிளிவெட்டிக்குப் போனபோது செல்லத்துரை அண்ணையின் மாடுகள் வரம்பில் அறுகு மேய்ந்துகொண்டு நின்றன. அண்ணை என்னைக் கண்டதும் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். "உங்களோட வந்த அந்தத் தம்பி பெரிய கெட்டிக்காரன். எங்கட புல்லைக் காப்பாத்திப்போட்டார்" என்றார்.

நான் கூடையை வரம்பில் வைத்தேன். போத்தலைத் திறந்தது யார், சட்டை இல்லை என்று கண்டது யார், லோஞ்ச் ஏறியது யார் என்று முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னேன். மாடுகள் மேய்ந்து மேய்ந்து அடுத்த வயலுக்குப் போய்விட்டன. அண்ணை ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றார். முடிந்ததும், "சந்தோசம் தம்பி. அந்தத் தம்பியையும் நான் சுகம் கேட்டதெண்டு சொல்லுங்கோ. சரசு தயிர் தந்துவிடுவா, அவருக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ" என்றார்.

தயிர் முட்டியை மடியில் வைத்துக்கொண்டு லோஞ்சில் வந்தேன். கடலுக்குள் போட்டுவிடலாமா என்று ஒரு முறை யோசித்தேன். போடவில்லை. கந்தோருக்குப் போய் அவன் மேசையில், நுணுக்குக்காட்டிக்குத் தள்ளி வைத்தேன்.

"செல்லத்துரை அண்ணை உன்னைக் கேட்டதாம். தயிர் தந்துவிட்டவை" என்றேன்.

அவன் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஊசி மட்டும் மெல்ல அசைந்தது. சிறகு ஒன்றைத் திருப்பிவிட்டு,

"எந்தச் செல்லத்துரை மச்சான்?" என்று கேட்டான்.

மூன்று கிழமை அந்த வீட்டுச் சோற்றைத் தின்றவன். அவன் பகிடிக்குக் கேட்கவில்லை; உண்மையாகவே மறந்துபோயிருந்தான். மிஸ் ஏன் அவனை எழுதினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்படி ஒரு ஈக்குள் முழுசாகப் போய்விட என்னால் ஒருநாளும் முடிந்திருக்காது. அன்றைக்கு வந்த பொறாமைதான் எல்லாவற்றிலும் பெரியது. கோப்பை ஒன்று எடுத்து வந்து, அவனுக்கு முன்னாலேயே அந்தத் தயிரில் பாதியை நான் தின்றேன்.